அறுபத்தொன்றாம் வரி

புதுச்சேரி
3-7-2025

செம்மல் அவர்களுக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். மின்னஞ்சல் வேண்டாம், போனும் வேண்டாம். நான் தட்டுவதையெல்லாம் இன்னொருவர் படிக்கிறார் என்று ஆன பிறகு எனக்கு மிஞ்சியிருப்பது தபால்பெட்டி ஒன்றுதான். அலுவலகக் கணினியை ஐந்து நாளாக அணைத்துத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் 19-ஆம் தேதி அஞ்சலாட்சி என்ற பெண் வந்தாள். கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கணவன் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரன், பிரான்சில் இருக்கிறான். இவள் ஏழு வயதுப் பெண் இனியாவோடு அவன் வீட்டு மாடியில் இருந்தாள். பிரிந்துவிட முடிவு செய்து, அங்கே உள்ள கோர்ட்டுக்கு வாக்குமூலம் அனுப்ப வேண்டும் என்று வக்கீல் சுடர்விழி என்னிடம் அனுப்பியிருந்தார். அவள் தமிழில் சொல்லச் சொல்லத் தட்டினேன். பிறகு அதே கோப்பில் அதற்குக் கீழே பிரெஞ்சில் ஆக்கினேன். நான்கு பக்கம். தனக்கு ஒரு பிரதிகூட வேண்டாம், வீட்டில் ஒளித்து வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டாள். ஒரே ஒரு பிரதி அச்செடுத்து என் கையாலேயே வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

27-ஆம் தேதி சாயங்காலம் அவளுடைய நாத்தனார் மாடிக்கு ஏறி வந்து, பீரோவைத் திறந்து குழந்தையின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது சொன்னது இது: "கொழந்த முன்னாடியே தலையப் புடிச்சி செவுத்துல மோதினாருன்னு எழுதிக் குடுத்திருக்கியே. எங்கண்ணன் வரட்டும். பொண்ண இட்டுக்கினு போவாரு, நீ எழுதிக்கினே இரு."

அந்த வாக்கியம் வாக்குமூலத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே சொற்கள்.

மறுநாள் காலை அஞ்சலாட்சி என் அலுவலக வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "நீங்களா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். இருபது வருஷமாக ஊர்க்காரர்களின் எத்தா சிவில் காகிதங்களை, அதாவது பிரெஞ்சுக் குடிப்பதிவுக் காகிதங்களை, மொழிபெயர்க்கிறேன். பிறப்பு, கல்யாணம், சாவு, விவாகரத்து எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

வாக்குமூலம் இருப்பது இரண்டே இடத்தில். ஒன்று வக்கீலின் பூட்டிய அலமாரி. இன்னொன்று நீங்கள் அமைத்துக் கொடுத்த இந்தக் கணினி. போன அக்டோபரில் கோயம்புத்தூரில் இருந்தபடியே நெட் வழியாக அதன் உள்ளே நுழைந்து பிரிண்டரைச் சரிசெய்தீர்கள். அஞ்சலாட்சியின் கணவன் பெயர் ராஜ்கமல். முதலியார்பேட்டையில் உங்கள் தெரு. முகவரியைத் தட்டும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

படித்தீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

மெரின்


கோயம்புத்தூர்
8-7-2025

மெரின் அக்காவுக்கு,

படிக்கவில்லை. நீங்கள் கேட்டது அதை மட்டும்தான், அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

ஏழு வருஷம் உங்கள் எதிர்மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாளும் 'நீங்கள்' என்று என்னைக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் அதைப் பார்த்தபோது வேறு யாருக்கோ வந்த தபாலைப் பிரித்துவிட்டேனோ என்று உறைமேல் இருந்த பெயரைத் திரும்பப் பார்த்தேன்.

பிரிண்டரைச் சரிசெய்த அன்றே அந்த வழியை மூடிவிட்டேன். நம்பமாட்டீர்கள். வேறு ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன். நாளைக்கு நான் எழுதாததை எழுதியதாக யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

நீங்கள் எல்லாவற்றையும் தட்டுகிற அந்த எடிட்டர் மென்பொருளை நான் ஏன் வைத்தேன் என்று உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் மேசைக் கணினி ஒரு ரகம், உங்கள் அண்ணன் ஜெரின் பிரான்சிலிருந்து அனுப்பிய வெள்ளை மடிக்கணினி ஒரு ரகம், என்னுடைய பழைய லினக்ஸ் பெட்டி ஒரு ரகம். மூன்றிலும் ஒரே கோப்பு ஒரே மாதிரி தெரிய வேண்டும். தமிழ் எழுத்து உடையக் கூடாது, பிரெஞ்சு எழுத்தின் தலைமேல் இருக்கும் குறி உதிரக் கூடாது. அதற்கு அந்த எடிட்டர் ஒன்றுதான் ஒத்துவந்தது. ஆனால் எந்தக் கணினியிலும் அது வெளியூர்க்காரன் மாதிரிதான் இருந்தது. கோப்பைச் சொடுக்கினால் வேறு ஏதோ திறக்கும். இதில் நகலெடுத்தது மெயிலில் ஒட்டாது. விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினால் இதற்கு மட்டும் தெரியாது. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். எடிட்டர் எங்கே முடிகிறது, கணினி எங்கே ஆரம்பிக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே கூடாது என்பதுதான் என் ஆசை. "இப்பதான் செம்மல் இது நம்ம ஊட்டுச் சாமான் மாதிரி இருக்குது" என்று நீங்களே சொன்னீர்கள். இப்போது அதையே எனக்கு எதிராகத் திருப்புகிறீர்கள்.

ராஜ்கமல் எதிர்வீடுதான். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டு. அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வக்கீல் ஆபீசில் எத்தனை குமாஸ்தாக்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

செம்மல்


புதுச்சேரி
12-7-2025

செம்மலுக்கு,

நேற்று பெரிய மார்க்கெட்டில் பூக்கடை ஓரம் உங்கள் அம்மா கன்னியம்மாளைப் பார்த்தேன். நானாக ஒன்றும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றேன், அவ்வளவுதான். நான்கு பேச்சுக்குப் பிறகு அவர்களே சொன்னார்கள். டிசம்பரில் ராஜ்கமல் லீவில் வந்தபோது ஒரு சாக்லேட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தானாம். நீங்களும் அப்போது ஊரில் இருந்தீர்களாம். இரண்டு பேரும் மாடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்களாம். "சின்னப் புள்ளையில இருந்த மாதிரியே சிரிச்சிக்கினு இருந்தாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஜெராக்ஸும் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

வக்கீலைப் பற்றி எழுதியதற்கும் சொல்லிவிடுகிறேன். சுடர்விழிக்குக் குமாஸ்தாவே கிடையாது. உறையைப் பிரிக்கக்கூட இல்லை, என் எதிரிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டினார். போய்ப் பார்த்தேன், ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது.

அஞ்சலாட்சி இப்போது கோரிமேட்டில் அக்கா வீட்டில் இருக்கிறாள். இனியாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வாசலில் வைத்தே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். ராஜ்கமல் ஆகஸ்டில் வருகிறானாம். பாஸ்போர்ட் அவர்கள் கையில். குழந்தைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது. சென்னைக்குக் காரில் மூன்று மணி நேரம், அங்கிருந்து விமானம். அப்புறம் அவள் யாரிடம் போய் நிற்பாள்?

நீங்கள் பொய் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மெரின்


கோயம்புத்தூர்
16-7-2025

மெரின் அக்காவுக்கு,

டிசம்பரில் பேசியது உண்மை. மறைத்தேன். அவன் பெயரை உங்கள் கடிதத்தில் பார்த்ததும் பயந்துவிட்டேன். பேசினேன் என்று சொன்னால் மீதியையும் நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. மடிக்கணினி எது வாங்கலாம் என்று கேட்டான். பள்ளிக்கூடக் கதை பேசினோம். மனைவியைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. வீட்டில் அப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்தும் தெரியவில்லை. அது என்னை என்னவோ செய்கிறது, ஆனால் அதைப் பற்றி எழுத இப்போது எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு வழி இருக்கிறது. அந்த எடிட்டர் தனக்கென்று ஒரு சின்னக் குறிப்பு வைத்துக்கொள்ளும். எந்தக் கோப்பைக் கடைசியாக எப்போது திறந்தார்கள், மூடும்போது கர்சர் எந்த வரியில் நின்றது என்று அதில் இருக்கும். மறுபடி திறந்தால் விட்ட இடத்திலேயே போய் நிற்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வாக்குமூலத்தை 19-ஆம் தேதிக்குப் பிறகு நீங்கள் திறந்தீர்களா? திறந்திருந்தால் ஒன்றும் தெரியாது, கடைசித் தடவை மட்டும்தான் பதிவாகும். திறக்கவில்லை என்றால் வேறு யாராவது திறந்தார்களா என்று அது சொல்லிவிடும்.

தனித்தாளில் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறேன். வாக்குமூலத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். தடயத்தை அழிக்க வைக்கிறான் என்று நினைப்பீர்கள். நெட் வயரைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தாலும் எனக்குச் சம்மதம்.

வெளியிலிருந்து யாரும் நுழைந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பெயர் எழுத்துச் சரிபார்க்க வருகிறவர்கள் எல்லாம் உங்கள் பக்கத்து நாற்காலியில்தானே உட்காருகிறார்கள். நீங்கள் எழுந்துபோன நேரத்தில் யாராவது ஸ்டார்ட் பட்டனை அழுத்தியிருந்தால் போதும். கடைசியாகத் திறந்த கோப்புகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் வரிசையாக வந்து நிற்கும். அங்கிருந்து ஒரு சொடுக்குதான்.

ஒன்று சொல்ல வேண்டும். இதில் என் பெயர் நீங்கினால் அதை எழுத்தில் கொடுப்பீர்களா? அம்மா மார்க்கெட்டுக்குப் போகிறவள். ஊரில் பேச்சு கிளம்பினால் அவளால் தாங்க முடியாது.

செம்மல்


புதுச்சேரி
21-7-2025

செம்மலுக்கு,

நீ சொன்னபடியே செய்தோம். வயரைப் பிடுங்கிய பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மோடத்தையே கழற்றி அடுக்களையில் கொண்டுபோய் வைத்தேன். சுடர்விழி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படம் எடுத்தார்.

குறிப்பில் இருந்தது இது: ஜூன் 24, காலை 11.42. கர்சர் நின்றது 61-ஆம் வரி.

வக்கீலிடம் இருந்த உறையை அப்போதுதான் பிரித்தோம். நான் எப்போதும் கோப்பை அச்செடுக்கும்போது ஓரத்தில் வரி எண் விழும், நீ அமைத்ததுதான். 61-ஆம் வரியில் விரலை வைத்துப் பார்த்தேன். குழந்தை முன்னாடி தலையைப் பிடித்துச் சுவரில் மோதியது. அதோடு நிறுத்திவிட்டு மூடியிருக்கிறார்கள். அதற்கு மேல் படிக்கத் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

24-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. என் வருகைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றரை மணி: கார்குழலி, மகன் பிறப்புச் சான்றிதழ். நல்ல சேலை, மெதுவான பேச்சு. எனக்கு முகம் நன்றாக நினைவிருக்கிறது. பெயர் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளாகவே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஆதார் ஜெராக்ஸ் கொண்டுவர மறந்துவிட்டேன், முட்டி வலி, படி இறங்க முடியாது என்றாள். நானே கீழே இறங்கிப் போய் எடுத்து வந்தேன். கூட்டமாக இருந்தது. பத்து நிமிஷம் இருக்கும்.

அஞ்சலாட்சிக்குப் போன் போட்டேன். உன் நாத்தனார் பெயர் என்ன என்று கேட்டேன். கார்குழலி என்றாள். இவ்வளவு நாளும் நாத்தனார் நாத்தனார் என்றே பேசிக்கொண்டிருந்தோம், பெயரை நான் கேட்கவே இல்லை. 19-ஆம் தேதி என் அலுவலகத்திலிருந்து இறங்கும்போது தெருமுனையில் கணவன் வீட்டாருக்குத் தெரிந்த ஆட்டோ ஒன்று நின்றிருந்ததாகவும், அந்த ஆட்டோக்காரன்தான் சொல்லியிருப்பான் என்றும் இப்போது சொல்கிறாள். கார்குழலி கொடுத்த சான்றிதழை மொழிபெயர்த்து முடித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் என் டிராயரில் கிடக்கிறது. அவள் வாங்க வரவே இல்லை.

ஆகவே நீ படிக்கவில்லை. நீ கேட்டபடி எழுத்திலேயே தருகிறேன். உன் அம்மாவிடமும் யாரிடமும் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஆனாலும் ஒன்று எனக்கு நெருடுகிறது. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் உனக்கு எழுதியதெல்லாம் வாக்குமூலம் வெளியே போனது என்று மட்டும்தான். ஸ்டார்ட் பட்டன், பட்டியல், பக்கத்து நாற்காலி என்று நீ நேரே வந்து கைவைத்தாய். யோசித்துக் கண்டுபிடித்தவன் எழுதியது மாதிரி இல்லை. முன்பே பார்த்தவன் எழுதியது மாதிரி இருந்தது.

உனக்கு எப்படித் தெரியும், செம்மல்?

மெரின்


கோயம்புத்தூர்
26-7-2025

மெரின் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

போன வருஷம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் மாதா கோவிலுக்குப் போயிருந்தீர்கள். உங்கள் கணினியில் ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். பட்டியலில் நான்காவதாக ஒரு பெயர் இருந்தது: 'ஜெரினுக்கு – செம்மல் விஷயம்'. கோப்புக்கு ஆள் பெயரும் விஷயமும் சேர்த்து வையுங்கள், தேடச் சுலபம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

சொடுக்கினேன். நான் அமைத்தபடியே, எதுவும் கேட்காமல், ஏற்கெனவே திறந்திருந்த எடிட்டர் ஜன்னலிலேயே அது வந்து உட்கார்ந்தது. ஒரு பக்கம்தான். 'எல்லாமே அவன் கையில் இருக்கிறது. நாளைக்கே அவன் போய்விட்டால் ஒரு கோப்பைக்கூட என்னால் திறக்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு ஆள் பார்த்துக்கொண்டு இவனை மெல்ல அனுப்பிவிடலாமா?' மூடிவிட்டேன். ஸ்கேனரைச் சரிசெய்தேன். நீங்கள் வந்ததும் சரியாகிவிட்டது என்று சொன்னேன். மூன்று வாரம் கழித்துக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அது தானாக வந்த வேலை இல்லை. அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்தேன்.

ஆகவே நீங்கள் சந்தேகப்பட்டது ஒரு வகையில் சரிதான். உங்கள் கோப்பு ஒன்றை நான் படித்தேன். அது இது இல்லை, அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்றே எனக்குப் புரிந்துவிட்டது, அந்த நாற்காலியில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் நான் பார்த்ததைப் பார்க்கலாம் என்று. எடிட்டரைக் கணினியோடு சேர்த்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன் அல்லவா, அதற்கு முன்னால் எடிட்டரில் திறந்தது எடிட்டருக்குள்ளேயே இருந்தது. நான் சேர்த்த பிறகுதான் கணினி முழுக்கத் தெரிய ஆரம்பித்தது. அதை நிறுத்த செட்டிங்கில் ஒரே ஒரு டிக் குறியை எடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. செய்யவில்லை. செய்தால் ஏன் என்று கேட்பீர்கள், நான் படித்தது வெளியே வந்துவிடும் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான் உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். என்னைக் கண்டு பயப்படுகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று கோபத்தில் விட்டுவிட்டேன்.

அக்டோபரில் பிரிண்டருக்காக உள்ளே வந்தபோதும் அதே பட்டியல் கண்ணில் பட்டது. அப்போது கோபம்கூட இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அதை எப்படி நிறுத்துவது என்று பின்னால் எழுதியிருக்கிறேன். இதை வக்கீலிடம் காட்டுவதானால் காட்டுங்கள்.

செம்மல்


புதுச்சேரி
2-8-2025

செம்மலுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஜெரினுக்கு எழுதியதை நான் மறுக்கப் போவதில்லை. அப்படித்தான் நினைத்தேன், அப்படித்தான் அனுப்பினேன். ஜெரின் வேண்டாம் என்று பதில் போட்டான், நல்ல பிள்ளையை இழக்காதே என்றான். அதற்குள் நீயே போய்விட்டாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் நான் மறைக்கக் கூடாது. என் பயத்தை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், எனக்கு நான்கு விஷயம் கற்றுக் கொடுத்திருப்பாய், அதோடு போயிருக்கும். சொல்லத் துணிவில்லாமல்தான் அண்ணனுக்கு எழுதினேன்.

முகம் தெரியாத ஒருத்தியைத் திறந்த கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனவள் நான். அதை உன் தலையில் கட்டமாட்டேன். ஆனால் நீ தெரிந்தும் விட்டாய். இரண்டு தடவை விட்டாய். என்னால் அதை இன்னும் விழுங்க முடியவில்லை.

அஞ்சலாட்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் பங்கையும் உன் பங்கையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எல்லாருக்குந்தான் தெரிஞ்சிபோச்சே. அன்னிக்கி ரெண்டு விஷயம் சொல்லாம உட்டுட்டேன். அதையும் எழுதிக்குங்க" என்றாள். சொன்னாள். எழுதினேன். அதைப் பிரெஞ்சில் ஆக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வாக்குமூலம் இப்போது ஆறு பக்கம். நேற்று அதை அனுப்பியும் விட்டோம்.

இங்கேயும் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார் சுடர்விழி. குழந்தையை ஊரைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது, பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்று. கார்குழலி வேண்டுமென்றே வந்து படித்தாள், படித்த மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டை எடுத்தாள், ஆகவே தூக்கிப்போகிற எண்ணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு அந்தக் குறிப்பு என்ன, அந்த நேரமும் வரியும் எதைச் சொல்கிறது என்று அமைத்தவன் வந்து சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்பார். தெரியும் என்று நீ சொல்ல வேண்டியிருக்கும், ராஜ்கமலை எதிரே வைத்துக்கொண்டு. என் அலுவலகத்திலிருந்து காகிதம் வெளியே போனது என்று நானும் சொல்ல வேண்டும். சொல்லப் போகிறேன். இப்போதே இரண்டு குடும்பம் தங்கள் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டது.

விசாரணை 21-ஆம் தேதி காலை. அஞ்சலாட்சி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வருவாயா?

மெரின்


கோயம்புத்தூர்
25-8-2025

மெரின் அக்காவுக்கு,

கோர்ட்டில் உங்களோடு பேச முடியவில்லை. நீங்கள் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது நீங்கள் வக்கீலோடு உத்தரவு நகலுக்காகப் போயிருந்தீர்கள். காத்திருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே நடந்ததைச் சுடர்விழி உங்களுக்குச் சொல்லியிருப்பார். குறிப்பைப் பற்றி விளக்கினேன். நீதிபதி இரண்டு தடவை கேட்டார், கர்சர் என்றால் என்ன என்று. சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் நீங்கள் எழுதியபடியே கேட்டார். ஒரு வருஷமாகத் தெரியும் என்றேன். ஏன் சரிசெய்யவில்லை என்றார். கோபம் என்றேன். யாரோ சிரித்தார்கள். ராஜ்கமல் சிரிக்கவில்லை. அவன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான், என் பக்கம் திரும்பவே இல்லை. கார்குழலி பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். வழக்கு முடியும்வரை அது கோர்ட்டிலேயே இருக்கும், குழந்தை அம்மாவோடு இருக்கும் என்று நீதிபதி சொன்னார்.

தாழ்வாரத்தில் அஞ்சலாட்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். பேசியது அதுவே முதல் தடவை. இனியா பக்கத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி அவளைக் கொஞ்சம் தள்ளிப் போய் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கச் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். உள்ளே சொன்னதையே சொன்னேன், மெரின் அக்கா மேல் கோபம் என்று. இன்னும் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன், ஜெரினுக்குப் போன கடிதம், ஏழு வருஷ வேலை, எல்லாம். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க ஊட்டுக்காரருக்கு எம்மேல கோவம். நாத்தனாருக்கும் எம்மேல கோவம். அவங்க பண்ணாங்க, சரி. உங்களுக்கு எம்மேல ஒண்ணும் இல்லியே?"

பதிலுக்காகக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. பிறகு எழுந்து, குழந்தையைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

கோயம்புத்தூரிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் வரும்போது அவள் என்ன கேட்டாலும் சொல்வதற்கு ஒவ்வொரு பதிலாக எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். இது ஒன்றுக்கு என்னிடம் இல்லை, அக்கா. திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் இல்லை.

செம்மல்